ஆவுடையப்பன் கையெழுத்து

ஜனவரி 3, வெள்ளி

கூட்டுறவுச் சங்கத்தில் புது டைரி கொடுத்தார்கள். மட்டமான தாள், மை ஊறுகிறது. இந்த வருஷம் என் எழுத்து கொஞ்சம் கோணலாகத் தெரிந்தால் அதற்குக் காரணம் தாள்தான் என்பதை முதல் பக்கத்திலேயே பதிவு செய்துவிடுகிறேன்.

காலையில் மோட்டார் ஓடவில்லை. வீட்டுக்காரி வடிவு காபி கொண்டு வந்தாள், அரை டம்ளர். “என்னட்டி இது, மருந்து மாதிரி கொஞ்சூண்டு?” என்றேன். “இதக் குடிங்க, பொறவு அரை டம்ளர் தாரேன்” என்கிறாள். நாலைந்து மாதமாக இதே கூத்து. ஊரில் பாலுக்கா பஞ்சம்?

பதினொரு மணிக்கு இரண்டு பெண்கள் வந்தார்கள். தாய் பெயர் உச்சிமாகாளி, வடக்குத் தெருவில் பீடி சுற்றுகிறவள். மகள் பேச்சியம்மாள், இருபத்தேழு வயது, டாக்டர் பட்டம் வாங்கியவள். ஊசி போடுகிற டாக்டர் இல்லை, படிப்பு டாக்டர்.

“சார், நீங்கதான ஆவுடையப்பன் சார்?”

“அதுல என்ன சந்தேகம்?”

“இல்ல சார்... நீங்க இருக்கீகளான்னு ஆபீஸ்ல கேக்காவ.”

கடிதத்தை நீட்டினாள். மாவட்ட அலுவலகத்துக் கடிதம். “மேற்படி பிறப்புச் சான்றிதழில் ஒப்பமிட்ட அலுவலர் உயிருடன் இருப்பாரேயானால், நேரில் ஆஜராகி மாதிரிக் கையொப்பமிட்டு உறுதிசெய்ய வேண்டும்.” இருப்பாரேயானால்! தினமும் விடிகாலையில் வாய்க்கால் பாலம் வரை நடந்துவிட்டு வருகிறவனைப் பார்த்து இருப்பாரேயானால் என்று எவன் எழுதினான்?

விஷயம் இதுதான். பேச்சிக்குப் போர்ச்சுகல் நாட்டுப் பல்கலைக்கழகம் ஒன்றில் ஆராய்ச்சி வேலை கிடைத்திருக்கிறது. மண்ணில் இருக்கிற கண்ணுக்குத் தெரியாத பூச்சிகளைப் பற்றியாம். அவர்கள் பிறப்புச் சான்றிதழ் கேட்கிறார்கள், அப்போஸ்டில் முத்திரையோடு. பிப்ரவரி பத்துக்குள் போய்ச் சேராவிட்டால் இடம் அடுத்த ஆளுக்கு. புதுச் சான்றிதழ் வாங்கலாம் என்றால் அந்த வருஷத்துப் பதிவேடு முந்தின மார்கழி வெள்ளத்தில் கூழாகிவிட்டது. உலகத்தில் பேச்சி பிறந்ததற்கு இருக்கிற ஒரே அத்தாட்சி, 1998இல் பேரூராட்சிச் செயல் அலுவலராகவும் பிறப்பு இறப்புப் பதிவாளராகவும் நான் கையெழுத்துப் போட்டுக் கொடுத்த காகிதம்.

அதை வாங்கிப் பார்த்தேன். எத்தனை வருஷம் ஆயிற்று! “சு. ஆவுடையப்பன்.” தமிழில்தான் போடுவேன், எப்போதும். கடைசி னகரத்தின் வால் கீழே இறங்கி, பெயர் முழுவதையும் தாங்கிக்கொண்டு இடது பக்கம் வந்து, அங்கே இரண்டு புள்ளி. ஒரே இழுப்பு. மையில் ஒரு திக்கல் கிடையாது. என் காலத்தில் கலெக்டரே “யாருய்யா இந்த ஆவுடையப்பன், கையெழுத்து கோலம் மாதிரி இருக்கு” என்று கேட்டிருக்கிறார்.

“கவலைப்படாதே அம்மா. நான் உயிரோட இருக்கேன்” என்றேன். கெத்தாகத்தான் சொன்னேன்.

ஜனவரி 6, திங்கள்

வடிவுக்கு அப்போஸ்டில் என்றால் என்ன என்று விளக்கினேன். என் கையெழுத்து உண்மை என்று மாவட்டம் சொல்லும். மாவட்டம் சொன்னது உண்மை என்று சென்னைத் தலைமைச் செயலகம் சொல்லும். செயலகம் சொன்னது உண்மை என்று வெளியுறவு அமைச்சகம் பின்பக்கம் ஒரு வில்லை ஒட்டும். அதைப் பார்த்துப் போர்ச்சுகல்காரன் தலையாட்டுவான்.

“அந்தக் காலத்துல அவன் நம்ம முத்துக்குளித்துறைக்குக் கப்பல்ல வந்து எறங்குனானே, அவன் எந்தச் சர்ட்டிபிகேட்டு காட்டுனான்?” என்றாள் வடிவு.

சரியான கேள்வி. ஆனால் ஒன்று கவனிக்க வேண்டும். இத்தனை பெரிய மனிதர்களும் வரிசையாக நின்று உறுதி சொல்வது எதற்கு? என் கையெழுத்துக்கு. அஸ்திவாரம் நான். இதைச் சொன்னால் தலைக்கனம் என்பார்கள். இருக்கட்டும்.

மாவட்ட அலுவலகத்தில் இருபதாம் தேதிதான் நேரம் கொடுத்திருக்கிறார்கள். பொங்கல் விடுமுறை.

ஜனவரி 9, வியாழன்

பேனா வாங்கினேன், நான்கு. நான்கும் தண்டம். ஒன்று தாளைக் கிழிக்கிறது, ஒன்று கோட்டை விட்டு ஓடுகிறது. முந்தியெல்லாம் பேனா என்றால் பேனாவாக இருந்தது.

கையெழுத்துப் போட்டுப் பார்த்த தாள்களை வடிவு கூட்டும்போது எடுத்துவிட்டாள். “என்ன இது, ஒரே பேரா இத்தன தடவ எழுதி வச்சிருக்கீங்க?”

“பேனா பாக்கேன்.”

“நாலு பேனாவுக்கும் ஒரே கோளாறா வரும்?”

“அதான் எனக்கும் விளங்கல.”

தாள்களை மடித்து அடுப்பங்கரைக்குக் கொண்டுபோனாள்.

ஜனவரி 14, செவ்வாய்

பொங்கல். பேச்சியும் அவள் அம்மையும் பனங்கிழங்கு கொண்டு வந்தார்கள். நார் உரிக்க எனக்குப் பொறுமை இல்லை, வடிவு உரித்துத் தந்தாள். ஒரு பிடி மண்ணில் இந்தியாவின் ஜனத்தொகையைவிட அதிகமான உயிர்கள் இருக்கின்றன என்றாள் பேச்சி. “அத்தனைக்கும் பிறப்புச் சான்றிதழ் கொடுக்கணும்னா என் ஆபீஸ் தாங்காதும்மா” என்றேன். விழுந்து விழுந்து சிரித்தாள். கெட்டிக்காரப் பிள்ளை. அம்மை மட்டும் வாய் திறக்கவில்லை. என்னைப் பார்க்கவே கூச்சப்படுகிற மாதிரி வாசல் பக்கமே உட்கார்ந்திருந்தாள்.

இந்தப் பிள்ளை கடல் கடந்து போவதற்கு என் கையெழுத்து வேண்டும் என்பதை நினைத்தால் எனக்கு மார்பு விம்முகிறது. முப்பத்தொரு வருஷ சர்வீஸ் வீண் போகவில்லை.

ஜனவரி 20, திங்கள்

மாவட்ட அலுவலகம் போனோம். நான், பேச்சி, உச்சிமாகாளி. இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு போனேன்.

அதிகாரி பெயர் ரெஜினா. முப்பது வயது இருக்கும். எழுந்து நின்று வணக்கம் சொன்னார். “ஆறு தடவ போடுங்க சார்” என்று தாள் தந்தார்.

முதல் கையெழுத்துப் போட்டேன். மேசை ஆடியது. ஒரு காலுக்கு அட்டை கொடுக்கச் சொன்னேன், கொடுத்தார்கள். மேசை ஆடுவது நின்றது. இரண்டாவது போட்டேன். மின்விசிறிக் காற்றில் தாள் பறக்கிறது என்றேன், விசிறியை நிறுத்தினார்கள். மூன்றாவது போட்டேன். பிறகு மீதி மூன்றையும் போட்டேன்.

ஆறும் ஆறு ஆட்கள் போட்ட மாதிரி இருந்தன. வால் ஒன்றில்கூடப் பெயருக்கு அடியில் திரும்பி வரவில்லை.

அந்தம்மா சான்றிதழையும் தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து வெகுநேரம் பார்த்தார். “சார், உங்கள நான் சந்தேகப்படல. ஆனா இதுவும் அதுவும் ஒண்ணுதான்னு நான் எழுதினா மெட்ராஸ்ல திருப்பி அனுப்பிருவாங்க. பிள்ளைக்கு அலைச்சல்தான் மிச்சம்.”

எனக்கு ஆத்திரம் வந்துவிட்டது. “என் கையெழுத்த என்னுது இல்லைன்னு சொல்ல நீ யாரு? நான் பதிவாளரா இருக்கையில நீ எல்.கே.ஜி. படிச்சிருப்ப!”

“ஆமா சார், அப்பதான் படிச்சேன்” என்றார் அவர், சாந்தமாக.

நாற்காலியில் இருக்கிற அதிகாரியை நீ என்று பேசிவிட்டேன். என் காலத்தில் ஒருவன் என்னை அப்படிப் பேசியிருந்தால் நடந்திருப்பதே வேறு. பேச்சி என் கையைப் பிடித்து வெளியே கூட்டி வந்தாள்.

ஜனவரி 21

ஒன்றும் விசேஷமில்லை.

ஜனவரி 22

மோட்டாரைச் சரி செய்தார்கள்.

ஜனவரி 23

நடக்கப் போகவில்லை. மேகமாக இருந்தது.

ஜனவரி 25, சனி

பேச்சி வந்தாள். “போனா போகுது சார். அடுத்த வருஷம் வேற எடத்துக்குப் போட்டுப் பாக்கேன். நீங்க மனசப் போட்டு ஒழப்பிக்காதீங்க” என்றாள். நான் சமாதானம் சொல்ல வேண்டிய இடத்தில் அவள் எனக்குச் சொல்கிறாள்.

“அடுத்த வருஷமும் இதே காகிதந்தான?” என்றேன்.

எனக்குத் தெரியும், அவளுக்கும் தெரியும். இந்தக் காகிதம் சரியாகாவிட்டால் எந்த வருஷமும் எந்த நாடும் கிடையாது.

சன்னல் வழியாகப் பார்த்தேன். கேட்டுக்கு வெளியே வெயிலில் உச்சிமாகாளி நின்றுகொண்டிருந்தாள்.

“அம்மை ஏன் உள்ள வரல?”

“நீங்க சங்கடப்படுவீகன்னு அங்கனயே நிக்கா.”

என் வீட்டு வாசலில் ஒருத்தி எனக்காகப் பரிதாபப்பட்டு வெயிலில் நிற்கிறாள். இந்த நிலைமைக்கு வந்துவிட்டேன்.

ஜனவரி 27, திங்கள்

எழுதித்தான் ஆக வேண்டும். டைரியிடம் பொய் சொல்லி என்ன ஆகப் போகிறது.

இதற்கு ஒரு வழி இருக்கிறது. அது எனக்கு மூன்றாம் தேதியே தெரியும்.

எந்த அரசு ஊழியனுக்கும் பணிப்பதிவேடு என்று ஒன்று உண்டு. வேலைக்குச் சேருகிற அன்று அதன் முதல் பக்கத்தில் இடது கையின் ஐந்து விரல் ரேகையையும் உருட்டி எடுப்பார்கள். பக்கத்தில் கையெழுத்து வாங்குவார்கள். எத்தனை பேர் விரலை நானே பிடித்து உருட்டியிருக்கிறேன்! என் பதிவேடு உதவி இயக்குநர் அலுவலகத்துப் பதிவறையில்தான் இருக்கும். அதில் இருக்கிற பழைய கையெழுத்தும் பேச்சியின் சான்றிதழில் இருக்கிற கையெழுத்தும் அச்சாக ஒன்று. அந்தக் கையெழுத்துக்குச் சொந்தக்காரன் இப்போது எதிரே நிற்கிற இந்தக் கிழவன்தான் என்று எப்படி நிரூபிப்பது? பெருவிரல் வைத்தால் போதும். கையெழுத்து மாறும், ரேகை மாறாது. உறுதிமொழிப் பத்திரத்தில் கையெழுத்துப் போடுகிற இடத்தில் பெருவிரலை வைத்தால் ஒரே நாளில் முடிகிற காரியம்.

ஏன் சொல்லவில்லை? நான் கைநாட்டு வைப்பதா? இந்த ஆவுடையப்பனா? முப்பத்தொரு வருஷம் என் மேசைக்கு முன்னால் பெருவிரலை நீட்டிக்கொண்டு வந்தவர்களை நான் என்ன பாடு படுத்தியிருக்கிறேன். “ஏய் கைநாட்டு, அங்கன போய் ஓரமா நில்லு.” இது என் வாயால் சொன்னதுதான். எத்தனை தடவை என்று கணக்கில்லை.

மத்தியானம் சாப்பிடும்போது வடிவிடம் சொல்லிவிட்டேன். அவள் கரண்டியைக் கீழே வைத்தாள்.

“தெரிஞ்சுக்கிட்டேவா அந்தப் பிள்ளைய இத்தன நாள் அலைய விட்டீங்க?”

நான் தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

“கை நடுங்குதுன்னு ஒரு வார்த்தை சொன்னா உங்க தலைக் கிரீடம் எறங்கிருமா? ஆடியிலேருந்து நடுங்குது. நான் பாக்காமலா இருக்கேன்? சொன்னா நீங்க சாமி ஆடுவீங்கன்னு நானும் வாயப் பொத்திக்கிட்டு இருந்தேன். நம்ம ரெண்டு பேரு வீம்புல அந்தப் பிள்ள மண்ணாப் போகணுமா?”

நடுக்கம் என்கிற சொல் இந்த வீட்டில் இன்றுதான் வெளியே வந்தது. வந்த பிறகு அப்படியொன்றும் கூரை இடிந்து விழவில்லை. நான்கு மணிக்கு நானே ரெஜினா அம்மாவுக்குப் போன் போட்டேன். முதலில் மன்னிப்புக் கேட்டேன். அப்புறம் பணிப்பதிவேட்டைப் பற்றிச் சொன்னேன். “சார்! இத மொத நாளே சொல்லியிருக்கலாம்லா!” என்றார்.

“சொல்லியிருக்கலாம்” என்றேன்.

ஜனவரி 29, புதன்

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன். மெதுவாகத்தான் எழுத முடிகிறது, பரவாயில்லை.

பதிவேடு வந்துவிட்டது. ஓரமெல்லாம் பூச்சி அரித்திருந்தது. முதல் பக்கம் மட்டும் முழுசு. இருபத்தேழு வயது ஆவுடையப்பன், மீசையும் கிராப்புமாக முறைத்துக்கொண்டிருக்கிறான். கீழே ஊதா மையில் ஐந்து விரல்கள். பக்கத்தில் கையெழுத்து, வால், இரண்டு புள்ளி. ரெஜினா அம்மா சான்றிதழை அதன் மேல் வைத்தார். “ரெண்டும் ஒண்ணுதான் சார், கண்ண மூடிக்கிட்டுச் சொல்லலாம்” என்றார். பேச்சி வாயைப் பொத்திக்கொண்டாள்.

உறுதிமொழியைத் தட்டச்சு செய்து வாசித்துக் காட்டினார்கள். மைப்பெட்டி வந்தது. விரலைப் பிடித்து வைக்க உதவியாளர் கையை நீட்டினார். “விடுங்க தம்பி, இது எனக்குத் தெரிஞ்ச வேலை” என்றேன். இடது பெருவிரலை மையில் தொட்டு, நகத்தின் இந்த ஓரத்தில் இருந்து அந்த ஓரம் வரை உருட்டினேன். கை நடுங்கியது. நடுங்கட்டும் என்று வலது கையால் இடது மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டேன். ரேகை சுத்தமாக விழுந்தது. விரல்ரேகைப் பிரிவில் இருந்து வந்திருந்தவர் பூதக்கண்ணாடியை வைத்துக் கோடு கோடாக எண்ணிப் பார்த்தார். “அதே ஆள்தான்” என்றார். எழுபது வயதில் என்னை நான்தான் என்று அரசாங்கம் ஒப்புக்கொண்டது.

கைநாட்டு வைத்தால் அதற்கு இரண்டு பேர் சாட்சிக் கையெழுத்துப் போட வேண்டும். ஒன்று அந்த உதவியாளர் போட்டார். இன்னொரு ஆள் வேண்டுமே என்று எல்லோரும் சுற்றிப் பார்க்கும்போது, “நான் போடுதேன்” என்று ஒரு குரல். உச்சிமாகாளி.

நானே ஆட்சேபம் சொன்னேன். “அவ இந்தக் காரியத்துல சம்பந்தப்பட்டவ. சாட்சியா நிக்கக் கூடாது.”

“அவங்க உங்க வெரலுக்குத்தான் சாட்சி சார், சர்ட்டிபிகேட்டுக்கு இல்ல” என்றார் ரெஜினா அம்மா. விதியை விதியால் வெட்டுகிற அதிகாரி. எனக்குப் பிடித்துப் போயிற்று.

உச்சிமாகாளி பேனாவை வாங்கினாள். குனிந்து, ஒவ்வொரு எழுத்தாக, அவசரமே இல்லாமல் எழுதினாள். உ. ச். சி. மா. கா. ளி. கோட்டுக்கு மேலே ஒரு எழுத்துப் போகவில்லை, கீழே ஒரு எழுத்து இறங்கவில்லை. என் பெருவிரலுக்குப் பக்கத்தில், அவ்வளவு நேர்த்தியாக.

“நல்லா எழுதுதியே” என்றேன்.

அவள் அன்றுதான் முதன்முதலாக என்னை நிமிர்ந்து பார்த்தாள். “நீங்க படுத்துன பாடுதான் சார். இந்தச் சர்ட்டிபிகேட்டு வாங்க வந்தப்ப மூணு தடவ என்னயத் திருப்பி அனுப்பிட்டீக. ‘பேரு எழுதப் படிச்சிட்டு வா, அப்பதான் தருவேன்’ன்னு. எல்லாரு முன்னாலயும் வச்சுச் சொன்னீக. பிள்ளைய இடுப்புல வச்சுக்கிட்டு அழுதுக்கிட்டே போனேன். உங்கள ஏசாத ஏச்சு இல்ல. நாலாவது தடவ எழுதிக் காட்டுனேன். அன்னையிலேருந்து பள்ளிக்கூடமோ பேங்க்கோ, நான் எங்கயும் வெரல நீட்டுனதில்ல.”

எனக்கு அந்த நாள் ஞாபகம் இல்லை. அவளைப் போல எத்தனையோ பேர். அதுதான் எனக்கு வெட்கமாக இருந்தது. அவளுடைய எழுத்தைப் பார்க்கப் பார்க்கப் பெருமையாகவும் இருந்தது. இரண்டில் எது கூடுதல் என்றால் பெருமைதான், பொய் சொல்ல மாட்டேன். ஆனால் அது என்னைப் பற்றிய பெருமை இல்லை.

“அன்னைக்கு அப்படிப் பேசுனது தப்பு உச்சிமாகாளி” என்றேன்.

“தப்புதான்” என்றாள். அதோடு தன் முந்தானையால் என் விரலில் இருந்த மையைத் துடைக்க வந்தாள். வேண்டாம், இருக்கட்டும் என்று சொல்லிவிட்டேன். மை விரலோடுதான் பஸ் ஏறினேன்.

பிப்ரவரி 7, வெள்ளி

சென்னையில் இருந்து வந்துவிட்டது! மத்தியானம் பேச்சி ஓடி வந்தாள், செருப்பைக்கூடக் கழற்றவில்லை. சான்றிதழின் பின்பக்கம் வில்லை, எண், முத்திரை, எல்லாம் கச்சிதம். கண்ணாடியை மாட்டிக்கொண்டு என் பெயரைத் தேடினேன். இல்லை. சென்னையில் யாரோ ஒரு சார்புச் செயலாளர் பெயர்தான் இருக்கிறது.

“உங்க பேரு பின்னால இல்ல சார்” என்றாள் பேச்சி, வருத்தமாக.

“அவருக்குப் பின்பக்கந்தான் கெடச்சிருக்கு. முன்பக்கம் ஆருது?” என்றேன்.

திருப்பிப் பார்த்தாள். சிரித்தாள். அப்புறம் அழுதாள். வடிவும் சேர்ந்துகொண்டாள். விசா முன்பே தயார், ஞாயிற்றுக்கிழமை விமானம். பத்தாம் தேதி காலையில் அங்கே இருப்பாள்.

பிப்ரவரி 24, திங்கள்

பேச்சி படம் அனுப்பியிருக்கிறாள். வெள்ளைக் கோட்டுப் போட்டுக்கொண்டு, கையில் ஒரு புட்டி மண்ணோடு நிற்கிறாள். ஊரில் பார்க்கிறவர்களிடம் எல்லாம் காட்டினேன். கேட்காதவர்களிடமும் காட்டினேன்.

இன்று வடிவோடு பாளையங்கோட்டைக்குப் போனேன், நரம்பு டாக்டரைப் பார்க்க. சீட்டு எழுதுகிற இடத்தில் இருந்த பெண் படிவத்தைத் தள்ளினாள். என் கையைப் பார்த்துவிட்டு, “முடியலன்னா ரேகை வைங்க தாத்தா” என்றாள், நல்லெண்ணத்தோடுதான்.

“ரெண்டும் எனக்கு வரும்” என்று சொல்லிப் பேனாவை எடுத்தேன். எழுத்துகள் ஒன்றின் மேல் ஒன்று ஏறின. வால் எங்கோ புறப்பட்டுப் போய் அடுத்த கட்டத்துக்குள் விழுந்தது. பின்னால் வரிசையில் பத்துப் பேர் நின்றார்கள். அவசரப்படவில்லை, இரண்டு புள்ளியையும் வைத்துவிட்டுத்தான் நிமிர்ந்தேன்.

அவள் படிவத்தைத் தூக்கிப் பிடித்துப் பார்த்தாள். “இது உங்க கையெழுத்துதானா?”

“ஆமாம்மா. கை நடுங்குது, அதுக்குத்தான் வந்திருக்கேன்” என்றேன், பத்துப் பேருக்கும் கேட்கும்படி. “கையெழுத்து என்னுதுதான்.”